கண்ணைப் பறிக்கும் மினுமினுப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றி வந்தன. பத்து மாதப் பேத்தி எவர்சில்வர் கரண்டியைக் கையிலிருந்து விட மறுக்கிறாள் என்று ஒரு பாட்டி எழுதிய மடலைப் படித்தபோது, அவருக்கு மட்டும் பதில் எழுதினால் போதும் என்றுதான் நினைத்தேன். அடுத்தடுத்துப் பிரித்த உறைகளிலும் வைரம், தங்கம், ஜிகினா, கண்ணின் ஒளி என்றே இருந்ததால், இந்தப் பகுதி முழுவதையும் மினுங்கும் பொருள்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் பேத்தி வண்ணப் பொம்மைகளை எல்லாம் தள்ளிவிட்டு, பளபளக்கும் கரண்டியையும் பாத்திர மூடியையுமே தேடிப் போகிறாள். கையில் கிடைத்தவுடன் வாயில் வைத்து நக்குகிறாள். உண்மையைச் சொன்னால், எழுபது வயதாகும் என் கண்ணும் முதலில் அங்கேதான் போகிறது. இது பிறவியிலேயே வரும் ஆசையா?

உங்கள் மடலில் ‘நக்குகிறாள்’ என்ற சொல்லை நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் இந்தத் துறையில் ஆராய்ந்தவர்களின் கவனத்தை ஈர்த்ததும் அதே செயல்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் காஸ் என்ற உளவியலாளர், 1990-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பளபளப்பான பரப்புகளும் மினுங்கும் பரப்புகளும் பார்ப்பவர்களுக்கு ஈரத்தை நினைவூட்டுகின்றன என்று காட்டினார். பின்னர் 2003-ல் அவரும் உடன் ஆய்வாளர்களும் கைக்குழந்தைகளையும் தவழும் குழந்தைகளையும் கவனித்தபோது, மங்கிய பரப்புள்ள பொருள்களைவிடப் பளபளக்கும் பொருள்களையே குழந்தைகள் அதிகமாக வாயில் வைத்தன. ஆடி போன்ற தட்டைத் தரையில் கிடைமட்டமாக வைத்தால், சில குழந்தைகள் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் குனிந்து அதை நக்கின. மழைநீர் தேங்கிய குட்டையில் குனிந்து நீர் குடிக்கும் தோற்றம் அது.

இதிலிருந்து பிறந்த விளக்கம் எளிமையானது. குழாயும் குடமும் இல்லாத காலத்தில், தொலைவில் தெரியும் ஒரு மினுங்கலைப் பார்த்து ‘அங்கே தண்ணீர் இருக்கிறது’ என்று கண்டுகொண்டவர்கள் பிழைத்தார்கள். கவனிக்காமல் போனவர்களின் வழித்தோன்றல்கள் குறைந்தார்கள். நிலத்தில் மண்ணும் புல்லும் பாறையும் பெரும்பாலும் ஒளியைச் சிதறடிக்கும் மங்கிய பரப்புகள். வானத்தை அப்படியே திருப்பிக் காட்டும் பரப்பு என்று இயற்கையில் பரவலாக இருப்பது நீர் மட்டுமே. ஆகவே மினுங்கலும் நீரும் நம் மூளையில் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்பது அவர்களுடைய கருத்து. பெல்ஜியத்திலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், சிறு குழந்தைகளும் பெரியவர்களும் மங்கிய தாளைவிட வழவழப்பான தாளை விரும்பினார்கள் என்பதோடு, உலர்ந்த பிஸ்கட்டைத் தின்று தாகம் எடுத்தவர்களிடம் அந்த விருப்பம் கூடியது என்பதும் தெரியவந்தது.

இதைப் படிக்கும்போது மனிதர்களைவிட எனக்குத் தும்பிகளே நினைவுக்கு வருகின்றன. நீரின் மேல் பட்டுத் திரும்பும் ஒளி கிடைமட்டமாக முனைவுற்றிருக்கும், அதாவது அதன் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டத் திசையிலேயே இருக்கும். நம் கண்ணுக்கு அது தெரியாது, நீரில் முட்டையிடும் பல பூச்சிகளுக்குத் தெரியும். ஹங்கேரி நாட்டின் கபோர் ஹோர்வாத்தும் அவருடைய குழுவினரும், ஈசல் போலக் கூட்டமாய்ப் பறக்கும் மேஃபிளை என்ற நீர்ப்பூச்சிகள் காய்ந்து கிடக்கும் தார்ச்சாலையை ஆறு என்று எண்ணி அதன்மேல் முட்டையிடுவதை 1998-ல் விளக்கினார்கள். கல்லறைத் தோட்டம் ஒன்றில் மெருகேற்றிய கறுப்புக் கற்களைச் சுற்றித் தும்பிகள் வட்டமிடுவதைப் பற்றி 2007-ல் எழுதினார்கள். பளபளப்பு என்றால் நீர் என்று நம்பி ஏமாறும் வழக்கம் உயிர்க்குலத்தில் மிகப் பழமையானது; உங்கள் பேத்தி அந்தப் பட்டியலில் மிகச் சிறியவள், அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரண்டியால் ஆபத்து இல்லை. ஆனால் கைக்கடிகாரத்திலும் ரிமோட்டிலும் விளையாட்டுப் பொருள்களிலும் இருக்கும் பொத்தான் அளவிலான பேட்டரியும் அதே மாதிரி வெள்ளியாய் மின்னும். அதைக் குழந்தை விழுங்கிவிட்டால், உணவுக்குழாயில் சிக்கி 2 மணி நேரத்துக்குள்ளாகவே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். வீட்டில் தவழும் குழந்தை இருக்கும்வரை, அந்தப் பேட்டரி போட்ட பொருள்களின் மூடியில் திருகாணி இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தாலே, அழுகிறதா சிரிக்கிறதா என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ‘மினுங்குவதைக் கண்டால் தண்ணீர் நினைவுக்கு வருகிறது’ என்ற விளக்கத்தை நானும் படித்திருக்கிறேன். கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் எதற்கும் ஓர் ஆதிமனிதக் கதையைக் கட்டிவிடும் பழக்கம்போல எனக்குத் தோன்றுகிறது. தங்களுடைய கருத்து என்ன? (இயற்பியல் ஆசிரியர் ஒருவர்)

பாதி உங்கள் பக்கம், பாதி அவர்கள் பக்கம். குழந்தைகளிடமும் தாகத்தோடு இருந்தவர்களிடமும் கண்டவை மெய்யான தரவுகள். அவற்றைத் தள்ள முடியாது. ஆனால் இரவு வானத்தில் ஒரு விண்மீன் சிமிட்டும்போதும், எரியும் விளக்கின் சுடர் அசையும்போதும் நம் கண் இழுபடுகிறதே, அங்கே நீர் எங்கே இருக்கிறது? தாகம் கொஞ்சமும் இல்லாதவர் மோதிரக் கல்லை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாரே, அது ஏன்? நீர் என்பது இந்த ஈர்ப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதற்கும் அடியில், கண்ணின் அமைப்போடு ஒட்டிய வேறொரு காரணம் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

அதைச் சொல்லால் விளக்குவதைவிடக் கையால் காட்டுவது எளிது. ஓர் எவர்சில்வர் கரண்டியை எடுத்துக்கொண்டு சன்னலருகே நில்லுங்கள். கரண்டியின் முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். சன்னல் ஒரு சிறு வெள்ளைப் புள்ளியாய் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். கரண்டியை அசைக்காமல் தலையை மட்டும் மெல்ல வலப்புறம் நகர்த்துங்கள். கரண்டியில் உள்ள கீறல்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வெள்ளைப் புள்ளி மட்டும் உங்களோடு வலப்புறம் வழுக்கிக்கொண்டு வரும். இப்போது கரண்டியைத் திருப்பிக் குழிந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு அதே போலத் தலையை நகர்த்துங்கள். புள்ளி எதிர்த்திசையில் ஓடும். கடைசியாக, தலையையும் அசைக்காமல் ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றொரு கண்ணை மூடிப் பாருங்கள். நீங்கள் எதையும் நகர்த்தவில்லை. ஆனாலும் புள்ளி இடம் மாறித் தாவும்.

மினுமினுப்பின் இரகசியம் முழுவதும் அந்தப் புள்ளியில் இருக்கிறது. ஒரு பொருளின் நிறம் அந்தப் பொருளோடு ஒட்டியே கிடக்கிறது. பளபளப்பு ஒட்டிக் கிடப்பதில்லை. ஒளி, பரப்பு, பார்ப்பவரின் கண் என்ற மூன்றில் ஏதாவது ஒன்று சிறிது அசைந்தாலும் அது இடம் மாறுகிறது. வலக்கண்ணுக்கு ஓரிடத்திலும் இடக்கண்ணுக்கு வேறோர் இடத்திலுமாக அது தெரிவதால், பொருளின் மேற்பரப்பில் இல்லாமல் சற்று உள்ளே அல்லது சற்று வெளியே மிதப்பதுபோல் மூளை உணர்கிறது. 1990-ல் பிளேக், புல்தோஃப் என்ற இரண்டு ஆய்வாளர்கள், குவிந்த பரப்பில் ஒளிப்புள்ளி பரப்புக்குப் பின்னால் மிதந்தால்தான் அது பளபளப்பாகத் தோன்றும் என்பதையும், தவறான ஆழத்தில் வைத்தால் வெறும் வெள்ளைப் பூச்சாகத் தோன்றிவிடும் என்பதையும் காட்டினார்கள். இயற்பியல் படிக்காத மூளையும் எதிரொளிப்பின் விதியை அறிந்தே வைத்திருக்கிறது என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாக இருக்கும்.

அசையாதவற்றைச் சீக்கிரம் மறந்துவிட்டு, மாறுவதன்மேல் உடனே திரும்புவது கண்ணின் இயல்பு. அதிலும் ஓரக்கண் நிறத்தையும் வடிவத்தையும் சரியாகக் காணாவிட்டாலும், அசைவையும் சிமிட்டலையும் தவறவிடுவதில்லை. மினுங்கும் பொருள் சும்மா கிடக்கும்போதே, நாம் மூச்சுவிடும் அசைவுக்கும் மாறிக்கொண்டிருக்கிறது. மேசைமேல் கிடக்கும் பத்துப் பொருள்களில் அது ஒன்றுதான் ‘ஏதோ நடக்கிறது’ என்று கண்ணுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. காற்றில் சலனமிடும் நீரும் அப்படித்தான் சொல்கிறது. ஆகவே நீர்க் கதையை நான் மறுக்கவில்லை. மாற்றத்துக்கு விழித்துக்கொள்ளும் கண் முன்பே இருந்தது, நீர் அந்தக் கண்ணுக்கு ஒரு நல்ல பரிசாக அமைந்தது என்று வரிசையை மாற்றிப் போடுகிறேன்.

கேள்வி: பளபளப்பு, மினுமினுப்பு, தகதகப்பு, ஜொலிப்பு ஆகிய எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள்தாமா?

அகராதியில் ஏறத்தாழ ஒன்று, வழக்கில் ஒன்றல்ல. துடைத்த தரையும் எண்ணெய் தடவிய கூந்தலும் பளபளக்கும். அவற்றை மினுமினுக்கின்றன என்று நாம் சொல்வதில்லை. விட்டு விட்டு வரும் சிறு ஒளிகள் பல சேர்ந்தால்தான் மினுமினுப்பு; விண்மீனும் மின்மினியும் அந்த வகை. தகதகப்பில் விட்டுவிட்டு வருதல் இல்லை. உள்ளேயிருந்து கனன்று வருவதுபோல் நிலையாக நிற்கும் ஒளி அது. தணலுக்கும் தங்கத்துக்கும் பொருந்தும். ஜொலிப்பு இவை யாவற்றையும்விடச் சற்று ஆடம்பரமானது. பேச்சில் ஆளுக்கும் அரங்கத்துக்கும்கூட அதைப் பயன்படுத்திவிடுகிறோம். நம் முன்னோர் ஒளியைக் கருவி வைத்து அளக்கவில்லை. ஆயினும் பரப்பு எவ்வளவு வழவழப்பானது, ஒளி தொடர்ந்து வருகிறதா விட்டு வருகிறதா என்ற இரண்டையும் இரட்டைக் கிளவியிலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். அடுத்த கேள்விக்கு இந்த வேறுபாடு உதவும் என்பதால் இதை இங்கே நிறுத்துகிறேன்.

கேள்வி: ‘மின்னுவதெல்லாம் பொன்னல்ல’ என்கிறோம். அப்படியானால் மின்னுவது எது பொன், எது போலி என்று கண்ணாலேயே அறிய வழி உண்டா? இந்தப் பழமொழிக்குப் பொருத்தமாக உண்மையில் யாராவது ஏமாந்திருக்கிறார்களா?

ஒரு நாடே ஏமாந்திருக்கிறது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் அரசியாக இருந்தபோது, மார்ட்டின் ஃப்ரோபிஷர் என்ற கடலோடி 1576-ல் இன்றைய கனடாவின் வடபகுதியிலிருந்து ஒரு கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தார். சோதித்த சிலர் அதில் தங்கம் இல்லை என்றார்கள். ஒருவர் இருக்கிறது என்றார். எல்லாரும் அந்த ஒருவரை நம்பினார்கள். 1578-ல் 15 கப்பல்கள் புறப்பட்டுப் போய், ஆயிரம் டன்னுக்கும் மேற்பட்ட கல்லை வெட்டி ஏற்றிக்கொண்டு பனிக்கடலைத் தாண்டி வந்தன. உருக்கி உருக்கிப் பார்த்தும் தங்கம் வரவில்லை. கடைசியில் அந்தக் கல் சாலைக்கும் சுவருக்கும் போயிற்று.

தங்கத்தைப் போல் தோன்றி ஏமாற்றும் கனிமங்களில் பெயர்பெற்றது பைரைட் என்னும் இரும்புச் சல்பைடு. கண்ணால் அறியும் வழி கேட்டீர்கள். அந்தக் கல்லை வெயிலில் வைத்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். பைரைட் தட்டையான படிகப் பக்கங்களால் ஆனது என்பதால், ஒரு கோணத்தில் பளிச்சென்று வெட்டி, அடுத்த கோணத்தில் அணைந்துவிடும். அதாவது அது மினுமினுக்கும். பாறையில் கிடக்கும் தங்கத்துக்கு அப்படிப்பட்ட கூரிய பக்கங்கள் பெரும்பாலும் இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும், நிழலுக்குக் கொண்டுபோனாலும், அதே மஞ்சளாக நிற்கும். அதாவது அது தகதகக்கும். இதன் பிறகும் சந்தேகம் இருந்தால் எடையைப் பாருங்கள்: தங்கத்தின் அடர்த்தி நீரைப்போல 19.3 மடங்கு, பைரைட்டுக்கு ஏறத்தாழ 5 மடங்கு. மெருகிடாத பீங்கான் ஓட்டில் தேய்த்தால் தங்கம் மஞ்சள் கோடு போடும், பைரைட் பச்சை கலந்த கறுப்புக் கோடு போடும்.

உலோகங்கள் பொதுவாக மின்னுவதற்குக் காரணம், அவற்றில் கட்டுப்படாமல் திரியும் எலக்ட்ரான்கள் தம்மேல் விழும் ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுவதுதான். வெள்ளி எல்லா நிறங்களையும் ஏறக்குறைய சமமாகத் திருப்பி அனுப்புவதால் வெண்மையாக மின்னுகிறது. தங்கம் நீலத்தை விழுங்கிவிட்டு மற்றவற்றை அனுப்புவதால் மஞ்சளாகிறது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு கூடிக் கறுத்துவிடும். தங்கம் எதனோடும் எளிதில் கூடாது. நிலத்தடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்து எடுத்தாலும் கழுவினால் அதே நிறம். தங்கத்தின் மதிப்புக்கு அதன் ஒளியைவிட, அந்த ஒளி வாடாமல் இருப்பதே பெரிய காரணம் என்பேன்.

ஒளி மட்டும் மதிப்பைத் தந்துவிடாது என்பதற்கு அலுமினியத்தைவிட நல்ல சான்று இல்லை. தாதுவிலிருந்து அதைப் பிரிப்பது கடினமாக இருந்த காலத்தில் அது விலைமதிப்புள்ள உலோகங்களின் வரிசையில் இருந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் 1884-ல் வைக்கப்பட்ட சிறு கூம்பு அலுமினியத்தால் ஆனது. 2 ஆண்டுகள் கழித்து, 1886-ல், ஹால் என்பவரும் எரூ என்பவரும் தனித்தனியே மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அதன் பளபளப்பில் எள்ளளவும் குறையவில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் அது பாத்திரமாகிவிட்டது.

கேள்வி: காட்சிக்கூடத்தில் பார்க்கும்போது கண்ணைக் கூசவைத்த வைரம், வீட்டுக்கு வந்ததும் கண்ணாடித் துண்டுபோல் மங்கிக் கிடக்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா?

பெரும்பாலும் கல் மாறவில்லை, வெளிச்சம் மாறிவிட்டது. நகைக் காட்சிக்கூடங்களின் கூரையை நிமிர்ந்து பாருங்கள். சிறு சிறு புள்ளிகளாக, கூர்மையான பல விளக்குகள் இருக்கும். வீட்டில் ஒரு நீண்ட குழல்விளக்கு அல்லது உறைபோட்ட பெரிய விளக்கு இருக்கும். பரந்த ஒளியில் வைரத்தின் எல்லாப் பட்டைகளுக்கும் ஒரே வெளிச்சம் கிடைப்பதால், எதுவும் தனியே வெட்டுவதில்லை. மேகமூட்டமான பகலிலும் இதே கதைதான். கையை ஒரு மெழுகுவத்தியின் அருகே கொண்டுபோய் விரலை அசைத்துப் பாருங்கள். காட்சிக்கூடத்தில் கண்ட கல் திரும்பி வந்துவிடும்.

இருந்தாலும் வைரத்திடம் சொந்தச் சரக்கு நிறைய இருக்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், கண்ணாடிக்குச் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. அதனால் கண்ணாடிக்குள் போன ஒளி, பரப்பின் செங்குத்திலிருந்து சுமார் 42 டிகிரிக்கு மேல் சாய்ந்து மோதினால்தான் வெளியேற முடியாமல் முழுவதுமாகத் திரும்பும். வைரத்துக்குள் 24 டிகிரிக்கு மேல் சாய்ந்தாலே போதும். உள்ளே போன ஒளி தப்பிக்க வழியின்றி அடிப்பட்டைகளில் மோதித் திரும்பி, மேல்வழியாகவே நம் கண்ணுக்கு வருகிறது. வரும்போது நிறங்களாகவும் பிரிகிறது. எந்தக் கோணத்தில் பட்டை தீட்டினால் இது மிகுதியாக நடக்கும் என்பதை மார்சல் டோல்கோவ்ஸ்கி 1919-ல் கணக்கிட்டு நூலாக எழுதினார். இன்றைய வட்ட வடிவ வைரங்களின் 57 பட்டைகளுக்குப் பின்னால் அந்தக் கணக்கின் வழிவந்த கோணங்களே இருக்கின்றன. கோணம் பிசகித் தீட்டிய கல் எந்த விளக்கின் கீழும் நடுவில் சோர்ந்தே தெரியும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வைரத்துக்கு நீர் ஒட்டாது, எண்ணெய்ப்பிசுக்கு நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் நொறுக்கிய கல்லை நீரோடு மசகு பூசிய பலகைமேல் ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தை மட்டும் எடுக்கும் முறை இந்தக் குணத்தை வைத்தே அமைந்தது. கைக்குப் பூசும் களிம்பும் சமையல் எண்ணெயும் கல்லின் அடிப்பக்கத்தில் படிந்தால், உள்ளே சிக்க வேண்டிய ஒளி கீழ்வழியாகக் கசிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கரைத்து, மென்மையான பல்துலக்கியால் அடிப்பக்கத்தைத் தேய்த்த பிறகும் கல் எழும்பவில்லை என்றால், அப்போது ஒரு தேர்ந்த மதிப்பீட்டாளரிடம் காட்டலாம். ஏமாற்றிவிட்டார்கள் என்ற முடிவுக்கு அதன் பிறகு வரலாம்.

கேள்வி: பறவைகள்கூட மின்னும் பொருள்களைத் திருடிக் கூட்டில் சேர்க்குமாமே?

ஐரோப்பாவில் மேக்பை என்ற காக்கையினப் பறவைமேல் அந்தப் பழி நெடுங்காலமாக இருக்கிறது. இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் அதைச் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 64 சோதனைகளில் 2 முறை மட்டுமே பறவை மின்னும் பொருளைத் தொட்டெடுத்தது, எடுத்த வேகத்தில் கீழே போட்டும் விட்டது. அந்தப் பொருள்கள் அருகில் இருந்தால், தீனியைக்கூடத் தயங்கித் தயங்கியே தின்றது. திருடியது யாரோ, பெயர் கெட்டது பறவைக்கு. ஆஸ்திரேலியாவின் பவர் பறவைகளில் (bowerbird) ஓர் இனத்தின் ஆண், நீல நிறப் பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்து, பெண்ணைக் கவரக் குச்சிகளால் கட்டிய பந்தலை அலங்கரிக்கிறது; அங்கேயும் முதலிடம் நிறத்துக்குத்தான்.

கேள்வி: மின்னுவதன் மேலுள்ள மோகம் விளம்பரங்களும் வணிகமும் நமக்குள் புகுத்திய நோய் என்பது என் உறுதியான கருத்து. மறுக்க முடியுமா?

முழுவதும் மறுக்க மாட்டேன். தொடக்கத்தை மட்டும் மறுப்பேன். தென்னாப்பிரிக்காவில் கலஹாரிப் பகுதியின் ஒரு பாறைக்குகையில், சுமார் 1,05,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த மனிதர்கள் கொண்டுவந்து வைத்த 22 கால்சைட் படிகங்களைப் பற்றி 2021-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவற்றைக் கருவியாகச் செதுக்கவில்லை, எதற்கும் பயன்படுத்திய தடயம் இல்லை. எடுத்து வந்து வைத்துக்கொண்டார்கள். இன்றைய எஸ்வாத்தினி நாட்டின் ங்வென்யா மலையில், 40,000 ஆண்டுகளுக்கும் முன்பே மனிதர்கள் பாறையைக் குடைந்து ஸ்பெகுலரைட் என்ற இரும்புத் தாதுவை எடுத்தார்கள். பூசிக்கொள்ளச் சிவப்பு நிறம் மட்டும் வேண்டுமானால் சாதாரணக் காவிக்கல்லே போதும். இதைப் பொடித்தால் ஜிகினாபோல் மினுங்கும், அதுதான் இதன் தனிச்சிறப்பு. துருக்கியின் சாத்தல்ஹூயுக் குடியிருப்பில், எரிமலைக் கண்ணாடிக் கல்லைத் தேய்த்து மெருகேற்றிச் செய்த முகம் பார்க்கும் ஆடிகள் கிடைத்தன. அவற்றுக்கு ஏறத்தாழ 8,000 வயது. பல்கேரியாவின் வர்னா நகரில் 1972-ல் தற்செயலாக வெளிப்பட்ட இடுகாட்டில் 6,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தங்கப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. சில கல்லறைகளில் குவியலாகவும் பலவற்றில் ஒன்றுமில்லாமலும் அவை கிடைத்ததைப் பார்த்தால், மின்னுவதை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம் அப்போதே வந்துவிட்டது தெரிகிறது. விளம்பரம் என்று எதுவும் இல்லாத காலங்கள் இவை.

வணிகம் செய்தது, ஏற்கெனவே திறந்திருந்த கதவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. பழங்களின்மேல் மெழுகு பூசுவதும், அட்டைப்பெட்டிக்கு வழவழப்புத் தாள் ஒட்டுவதும், புதிய வாகனத்தைக் கூர்விளக்குகளின் கீழே நிறுத்துவதும் கண்ணுக்கு வைக்கும் தூண்டில்களே. தூண்டிலிலும் மீனவர்கள் சுழலும் உலோகத் தகட்டைக் கட்டுவதுண்டு. பெரிய மீன் அதைச் சிறு மீனின் செதில் என்று எண்ணி வரும். இதில் தீங்கு இல்லை என்று சொல்லவரவில்லை. கழுவியவுடன் நீரில் போய்விடும் நுண்பிளாஸ்டிக் என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபர் 17 முதல் தூளாக விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவைத் தடை செய்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் ஆசையை நோய் என்று சொல்லத் தொடங்கினால், குகையில் படிகம் சேர்த்தவர்களையும் நோயாளிகள் ஆக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: எனக்கு மினுமினுப்பு என்றாலே எரிச்சல். மங்கிய மரமும் பருத்தித் துணியும்தான் பிடிக்கும். என்னிடம் ஏதாவது குறையா?

குறை ஏதும் இல்லை. கண் திரும்புவது வேறு, மனம் விரும்புவது வேறு. உங்கள் கண்ணும் அங்கே திரும்புவதால்தான் எரிச்சல் வருகிறது. வெளிச்சக் கூச்சத்தோடு தலைவலியும் வருவதுண்டு என்றால் மட்டும் கண் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஓவியம் பயில்கிறேன். முகத்தை அளவு பிசகாமல் வரைந்தாலும் கண்கள் உயிரில்லாமல் இருக்கின்றன. ‘கண்ணில் ஒளி இல்லை’ என்கிறார் ஆசிரியர். அது என்ன ஒளி?

உங்கள் ஆசிரியர் உவமையாகச் சொல்லவில்லை, நேர்பொருளிலேயே சொல்கிறார். உயிருள்ள கண்ணின் கருவிழிமேல் கண்ணீரின் மெல்லிய படலம் எப்போதும் இருக்கிறது. ஒவ்வோர் இமைப்பும் அதைப் புதிதாகத் துடைத்துப் பரப்புவதால், கருவிழி சிறு குவிந்த ஆடியாக இருந்து, எதிரே உள்ள சன்னலையோ விளக்கையோ ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. இமைப்பு நின்று படலம் காய்ந்தால் அந்தப் புள்ளி மங்கிப் பரந்துவிடும். இறந்தவரின் கண்ணைப் பார்த்தவுடன் நமக்குத் தெரிந்துவிடுவதற்கு அது ஒரு காரணம். முன்பு கரண்டியின் முதுகில் பார்த்த அதே புள்ளிதான் இது.

அந்தப் புள்ளியைச் சிறியதாகவும் ஓரம் கூர்மையாகவும் வையுங்கள். தாளின் வெண்மையை அப்படியே விட்டால் இன்னும் நல்லது. ஒரு பூச்சாடியின் படத்தில் சில ஒளிப்புள்ளிகளைச் சேர்த்தவுடன் சாடி முழுவதுமே பளபளப்பாகத் தோன்றுவதையும், அவற்றை நீக்கியவுடன் மங்கிவிடுவதையும் 1981-ல் பெக், பிராஸ்ட்னி என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்துனூண்டு வெள்ளைக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு. இரு கண்களிலும் புள்ளி கருமணிக்கு ஒரே பக்கத்தில் விழ வேண்டும். ஒன்றில் இடப்புறமும் மற்றொன்றில் வலப்புறமும் வைத்தால் பார்வை பிறழ்ந்துவிடும். மேலிமையின் நிழல் அந்தப் புள்ளியின் மேல்விளிம்பைச் சிறிது வெட்டிக்கொண்டு போகட்டும். வரைந்து முடித்தபின் எழுந்து நான்கு அடி பின்னால் சென்று பாருங்கள். அங்கிருந்தும் முதலில் கண்ணே தெரிந்தால், புள்ளி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.